சங்கத்துல சேர்ந்தா இ.எஸ்.ஐ. போயிடுமா?



கார்த்திகை தீபத்துக்கு முன்னால நடந்த கூட்டமைப்புக் கூட்டத்துல ஒரு ஊராட்சிக் குழுவின் ஊக்குநர் ஒரு விஷயத்தைச் சொன்னாங்க. அவங்க குழுவுல ஒரு தங்கச்சி ரெண்டு மாசமா கூட்டத்துக்கு வரலை. சேமிப்பை மட்டும் அம்மா கையில கொடுத்து அனுப்புது. என்ன காரணம்னு வீட்டுக்கே போய்க் கேட்டிருக்காங்க. அந்தத் தங்கச்சி செய்யாறு பக்கம் காலணிக் கம்பெனியில வேலை செய்யுது. விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினா பொழுது சாய்ஞ்சுதான் வீடு. அஞ்சு மாசம் கர்ப்பம்.

"அக்கா, எங்க லைன்ல ஒருத்தர் சொன்னாரு, சங்கத்துல பேர் கொடுத்தா இ.எஸ்.ஐ. கட் ஆயிடுமாம், பிரசவத்துக்குப் பணம் வராதாம். நம்ம குழுவையும் சங்கம்னுதானே சொல்றோம்? பயமா இருக்குது. குழந்தை பொறந்தப்புறம் வந்து சேர்ந்துக்கறேன்" என்று அழுதிருக்கு.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. நம் மாவட்டத்தில் இன்றைக்குப் பல குழுக்களில் கம்பெனிக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். திருவண்ணாமலை நகரத்தில் ஓட்டல், லாட்ஜ், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி என்று வேலை பார்ப்பவர்களும் உண்டு. யாருக்கு எந்தச் சலுகை, எதைச் செய்தால் போகும், எதைச் செய்தால் போகாது என்று தெரியாததால் பயந்துகொண்டே இருக்கிறோம். அதனால் இந்த இதழில் அதை விளக்கமாகப் பார்ப்போம்.

சங்கம் வேற, சங்கம் வேற

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். கிராமத்துல மகளிர் சுயஉதவிக் குழுவை "சங்கம்"னு சொல்வது பழக்கம். அது சேமிப்புக்கும் கடனுக்கும் நாம சேர்ந்து நடத்துறது. தொழிற்சங்கம் என்பது ஒரே இடத்தில் அல்லது ஒரே தொழிலில் வேலை செய்பவர்கள் கூலி, வேலை நேரம், பாதுகாப்பு பற்றி முதலாளியிடம் பேசுவதற்காகச் சேர்வது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவதே நம் சென்னையில் 1918-ல் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் இருந்து தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம்தான். பின்னி ஆலைத் தொழிலாளர்கள் அதில் சேர்ந்தார்கள்.

சுயஉதவிக் குழுவில் இருப்பதற்கும் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொழிற்சங்கத்தில் சேர்வதோ, நம் அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு கொடுத்திருக்கிற உரிமை. சேர்ந்ததற்காக மிரட்டுவதையும், வேலையை விட்டு எடுப்பதையும் முறையற்ற தொழில் நடவடிக்கை என்று சட்டமே சொல்கிறது. சேரணும் என்று கட்டாயமும் இல்லை. அது அவரவர் இஷ்டம்.

இ.எஸ்.ஐ. யாருக்கு?

இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் அரசு காப்பீடு. 1948-ல் சட்டம் வந்தது. 1952-ல் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. இப்போது 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம், பி.எஃப்., பிரசவச் சலுகை, கிராஜுவிட்டி எல்லாம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் என்ற ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டன.

இதில் சேர்வதற்கான தகுதி ரெண்டே ரெண்டு கேள்விதான்.

ஒன்று, வேலை செய்யும் இடத்தில் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிறார்களா?

இரண்டு, உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிறதா? (இந்த வரம்பு 2017 ஜனவரி 1 முதல் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய்.)

இந்த ரெண்டுக்கும் "ஆமாம்" என்றால் நீங்கள் இ.எஸ்.ஐ.க்கு உரியவர். "தொழிற்சங்கத்தில் இருக்கிறாயா, இல்லையா" என்ற கேள்வி எங்கேயும் கிடையாது. சங்கத்தில் இருப்பவருக்கும் உண்டு, இல்லாதவருக்கும் உண்டு. கம்பெனி தானாக இரக்கப்பட்டுக் கொடுப்பதும் இல்லை, கோபம் வந்தால் நிறுத்திவிடுவதும் இல்லை.

"நான் கம்பெனி ஆள் இல்லீங்க, கான்ட்ராக்ட்ல போறேன்" என்று பலர் சொல்கிறார்கள். கான்ட்ராக்ட்காரர் மூலம் வேலைக்குப் போனாலும் இ.எஸ்.ஐ. உண்டு. கான்ட்ராக்ட்காரர் கட்டாமல் விட்டால் அந்தத் தொகைக்கு முதன்மை முதலாளி, அதாவது அந்தக் கம்பெனியே பொறுப்பு.

நாளைக்கு 3 ரூபாய்

2019 ஜூலை 1 முதல் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம். முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஒரு நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் பங்கு 3 ரூபாய், முதலாளி பங்கு 13 ரூபாய். சராசரி நாள் கூலி 176 ரூபாய் வரை இருப்பவர்களிடம் தொழிலாளி பங்கு பிடிப்பதே இல்லை. முதலாளி தன் பங்கைக் கட்டியே ஆகணும்.

இதற்குக் கிடைப்பது என்ன?

மருத்துவம்: நமக்கும் நம்மை நம்பியிருக்கும் குடும்பத்தினருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை.

உடல்நலக் குறைவு: டாக்டர் சான்று கொடுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம்.

வேலையில் விபத்து: வேலைக்குப் போக முடியாத நாளுக்கு 90 சதவீதம். உயிர் போனால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை.

பிரசவம்: 26 வாரம், முழுச் சம்பளம். ஏற்கனவே ரெண்டு குழந்தை இருந்தால் 12 வாரம். கருச்சிதைவு ஆனால் 6 வாரம்.

அதே 400 ரூபாய் கூலியை எடுத்துக்குவோம். 26 வாரம் என்றால் 182 நாள். 182 பெருக்கல் 400, ஆக 72,800 ரூபாய். நாளைக்கு 3 ரூபாய் பிடித்ததை வீண்பிடித்தம் என்று நினைத்தோமே, அது இதற்குத்தான்.

எத்தனை நாள் வேலை செய்திருக்கணும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சலுகை போவது சங்கத்தால் இல்லை. நாள் கணக்கால்தான் போகும். அதனால் இந்தப் பகுதியை ரெண்டு தடவை படிங்க.

இ.எஸ்.ஐ.யில் வருஷத்தை ரெண்டாகப் பிரித்திருக்கிறார்கள்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பணத்துக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன்.

அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய பணத்துக்கு, அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை பலன்.

உடல்நலக் குறைவுக்குப் பணம் வாங்க, அந்த ஆறு மாசத்தில் 78 நாளாவது சம்பளம் பெற்றுச் சந்தா செலுத்தியிருக்கணும். பிரசவத்துக்கு, முந்தைய ரெண்டு ஆறு மாசமும் சேர்த்து 70 நாள் இருந்தால் போதும். முதல் தடவையாக இ.எஸ்.ஐ.யில் சேருகிறவர்களுக்குப் பணப் பலன் சேர்ந்த நாளிலிருந்து 9 மாசம் கழித்துத்தான் தொடங்கும். மருத்துவம் அப்படி இல்லை, சேர்ந்த நாளிலிருந்தே உண்டு.

அந்தத் தங்கச்சியின் சம்பளச் சீட்டை எல்லாம் ஊக்குநர் எடுத்துவரச் சொன்னாங்க. பிரசவம் மார்ச் மாசம், அதாவது பங்குனியில். அப்படியானால் பலன் காலம் ஜனவரி முதல் ஜூன். பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அதற்கும் முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரை. அது ஜனவரியில்தான் வேலைக்குச் சேர்ந்தது. மார்ச் முடிய 58 நாள். அப்புறம் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் அடிக்கடி லீவு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 61 நாள்தான்.

58-ம் 61-ம் சேர்த்தால் 119. பிரசவத்துக்குத் தேவை 70. ஆகவே பிரசவப் பணத்துக்கு முழுத் தகுதி உண்டு. ஆனால் உடல்நலக் குறைவுக்கு வேண்டிய 78 நாள் அந்த ஆறு மாசத்தில் இல்லை. அதனால் ஜனவரியிலிருந்து சாதாரணக் காய்ச்சல், தலைவலிக்கு லீவு போட்டால் சிகிச்சை கிடைக்கும், லீவுக்குப் பணம் வராது. இதைக் கேட்டதும் அது நம்பவே இல்லையாம். ஊக்குநர் மறுபடியும் கூட்டிக் காட்டியிருக்காங்க. அடுத்த வாரமே குழுக் கூட்டத்துக்கு வந்துவிட்டது.

இன்னொன்றும் தெரிஞ்சுக்கங்க. பிரசவப் பலன் வாங்கும் காலத்தில் ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. இ.எஸ்.ஐ. வராத இடத்தில் வேலை செய்பவர்களுக்கு, பிரசவத்துக்கு முந்தைய 12 மாசத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதலாளியே பிரசவச் சலுகை கொடுக்கணும்.

"எனக்கு வேண்டாம், கையில கொடுங்க"

சில சகோதரிகள் இப்படிக் கேட்கிறார்கள். பிடித்தம் இல்லாமல் முழுக் கூலியும் கையில் வந்தால் குழுக் கடனைக் கட்டலாமே என்ற எண்ணம். ஆனால் இ.எஸ்.ஐ. நாமே வேண்டும், வேண்டாம் என்று சொல்கிற விஷயம் இல்லை. "எனக்கு இ.எஸ்.ஐ. வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அது செல்லாது. யாராவது வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீங்க.

வெளிநாட்டில், முக்கியமாக அமெரிக்காவில், வேறொரு முறை இருக்கிறது. அதற்கு "கஃபடேரியா திட்டம்" என்று பேர். சாப்பாடு போடுகிற கேன்டீன் இல்லை. ஓட்டலில் மெனு பார்த்து வேண்டியதைச் சொல்கிற மாதிரி, மருத்துவக் காப்பீடு, குழந்தை பராமரிப்புச் செலவு, கையில் சம்பளம் என்று கம்பெனி காட்டும் பட்டியலிலிருந்து தொழிலாளி தேர்ந்தெடுக்கலாம். 1978-ல் வந்த வருமானவரிச் சட்டத்தின்படி அது நடக்கிறது. அங்கே தொழிற்சங்கத்தில் இருப்பவருக்கு அந்தப் பட்டியல் உண்டா இல்லையா என்பது சங்கமும் கம்பெனியும் போட்ட ஒப்பந்தத்தையும், கம்பெனியின் திட்டத்தில் எழுதியிருப்பதையும் பொறுத்தது. சங்கம் தனியாகப் பேசி வேறு சலுகை வாங்கியிருந்தால் இந்தப் பட்டியல் அவர்களுக்கு இல்லாமலும் போகலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை செய்கிற ஐ.டி. கம்பெனிகளிலும் இதுபோல் சம்பளத்தின் ஒரு பகுதியைத் தேர்வு செய்கிற முறை உண்டு.

நம் இ.எஸ்.ஐ. அப்படி இல்லை. அதில் மெனுவும் இல்லை, தேர்வும் இல்லை, சங்க ஒப்பந்தமும் தேவை இல்லை. தகுதி இருந்தால் எல்லோருக்கும் ஒரே பந்தி.

அப்போ தொழிற்சங்கத்தால் என்ன வித்தியாசம்?

சட்டம் கொடுப்பது குறைந்தபட்சம். அதற்கு மேலே கிடைப்பதுதான் பேச்சுவார்த்தையில் வருவது. கூலி உயர்வு, கூடுதல் போனஸ், பஸ் வசதி, கேன்டீனில் விலைக் குறைப்பு, குழுக் காப்பீடு போன்றவை இதில் அடங்கும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சமரசப் பேச்சில் ஒப்பந்தம் போட்டால், அது அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளிக்கும் பொருந்தும். சங்கத்தில் இல்லாதவருக்கும், பிறகு வேலைக்குச் சேர்பவருக்கும்கூடப் பொருந்தும்.

அதிகாரி இல்லாமல் சங்கமும் கம்பெனியும் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தம், அதில் சேர்ந்தவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும்.

அதனால் "ஒப்பந்தம் ஆயிடுச்சு" என்று கேள்விப்பட்டால், "யார் முன்னிலையில்?" என்று கேளுங்க. அந்தப் பதிலில்தான் உங்களுக்கு உண்டா இல்லையா என்பது இருக்கிறது.

பி.எஃப். பணம் நம் பணம்

20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வருங்கால வைப்பு நிதி உண்டு. இதற்கும் தொழிற்சங்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. சம்பளம் 15,000 ரூபாய்க்குள் இருந்தால் கட்டாயம். நம்மிடம் 12 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளியும் 12 சதவீதம் போடணும். கணக்கில் எடுக்கும் சம்பளம் 12,000 என்றால் நம் பங்கு 1,440 ரூபாய். முதலாளியின் 1,440-ல் சுமார் 1,000 ரூபாய் பென்ஷனுக்கும், மீதி 440 நம் கணக்குக்கும் போகும்.

நம் பெண்கள் செய்கிற பெரிய தவறு, கல்யாணம் ஆனாலோ வேலை மாறினாலோ உடனே எல்லாப் பணத்தையும் எடுத்துவிடுவது. 10 வருஷ சர்வீஸ் சேர்ந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. இடையில் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால் அந்த வருஷங்கள் போய்விடும். வேறு கம்பெனிக்குப் போகும்போது பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்க. சர்வீஸ் தொடரும்.

வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால், பி.எஃப்.போடு சேர்ந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பேரையோ அண்ணன் பேரையோ வாரிசாகப் போட்டிருந்தால், கல்யாணம் ஆனதும் புதிதாகப் போடணும்.

கிராஜுவிட்டி என்பது தனி. 5 வருஷம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். கடைசிச் சம்பளம் 10,400 என்றால் 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கணும், வருஷத்துக்கு 6,000 ரூபாய். 6 வருஷத்துக்கு 36,000. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் எழுதி வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு இப்போது ஒரு வருஷம் போதும்.

கம்பெனியே இல்லாதவர்களுக்கு?

கட்டட வேலை, வீட்டுவேலை, தையல், நெசவு என்று செய்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் நல வாரியங்கள் இருக்கின்றன. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் பதிவு செய்யணும். கல்வி, திருமணம், பிரசவ உதவியும், விபத்து மரண உதவியும், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. பதிவு செய்ய வேலைச் சான்று தேவை. தொழிற்சங்கம் அந்தச் சான்று கொடுத்து உதவலாம். ஆனால் தொழிற்சங்கத்தில் உறுப்பினரானால்தான் வாரியத்தில் பதிவு என்று சட்டம் சொல்லவில்லை. யாராவது அப்படிச் சொல்லி அதிகப் பணம் கேட்டால், மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்க.

2021 ஆகஸ்டில் வந்த இ-ஷ்ரம் அட்டை அமைப்புசாராத் தொழிலாளிக்கு உரியது. இ.எஸ்.ஐ., பி.எஃப். இருப்பவர்கள் அதற்குத் தகுதி இல்லை.

இன்றைக்கே பார்க்க வேண்டியவை

1. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. எண் (10 இலக்கம்), யு.ஏ.என். (12 இலக்கம்) இருக்கிறதா?

2. பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா? யு.ஏ.என்.னில் பதிந்த செல்போனிலிருந்து 9966044425 எண்ணுக்கு மிஸ்டுகால் கொடுத்தால் பி.எஃப். இருப்பு மெசேஜாக வரும். இ.எஸ்.ஐ. பற்றிக் கேட்க இலவச எண் 1800-11-2526.

3. இ.எஸ்.ஐ. அட்டையில் குடும்பத்தினர் பேர், ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா?

4. இந்த ஆறு மாசத்தில் எத்தனை நாள் ஆச்சு? காலண்டரில் குறித்து வையுங்க.

5. சம்பளச் சீட்டை எறியாதீங்க. ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே போட்டு வையுங்க.

ஊக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி முடித்ததும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. வெளியே வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் சம்பளச் சீட்டோடு வரட்டும். படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து நாள் கணக்கைக் கூட்டிச் சொல்லுங்க. கர்ப்பமாக இருப்பவர்களின் கணக்கை முதலில் பாருங்க. கணக்குக் குறைகிற மாதிரி இருந்தால், செப்டம்பர் 30-க்கோ மார்ச் 31-க்கோ முன்னாலேயே தெரிந்தால்தான் வேலைக்குப் போய் அந்த நாட்களைச் சேர்க்க முடியும். தேதி போனபிறகு தெரிந்து பயன் இல்லை.